ரிவியூ கேட்கலாம், விலைக்கு வாங்கக் கூடாது: வீடு புதுப்பிக்கும் காண்ட்ராக்டர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

புதுப்பிப்புத் தொழிலில் இருப்பவர்கள் நாலு பேர் காப்பிக் கடையில் உட்கார்ந்தால் ரிவியூ பேச்சு வராமல் போகாது. "கூகல்ல அவனுக்கு 4.9, நமக்கு 4.3. எப்படிப்பா வேலை வரும்?" என்பார் ஒருவர். "கஸ்டமர்கிட்ட ரிவியூ கேக்கறதே சட்டப்படி தப்பாம்" என்பார் இன்னொருவர். "அட, எல்லாரும் காசு கொடுத்துத்தான் வாங்கறாங்க, ஒன்னும் ஆகாது" என்று மூன்றாமவர் முடித்து வைப்பார்.

இரண்டாமவர் சொன்னதும் தவறு, மூன்றாமவர் சொன்னதும் தவறு. ஆனால் இந்த இரண்டும்தான் வாட்ஸ்அப் குழுக்களில் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சின்னக் காண்ட்ராக்டர்கள் சிலருக்குக் கொட்டேஷன், பெர்மிட், கணக்கு வேலைகளைப் பார்த்துக் கொடுப்பவன் நான். இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருவதால், சிங்கப்பூரில் இது உண்மையில் எப்படி இயங்குகிறது என்பதை அடியிலிருந்து எழுதுகிறேன். டைல்ஸ், பெயிண்டிங், கார்ப்பெண்டரி, பிளம்பிங், ஏர்கான் என்று எந்த வேலை செய்பவருக்கும் இது பொருந்தும்.

ரிவியூ யாருடைய பேச்சு?

சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில் பக்கத்தில் இருக்கும் பிஜிபி மண்டபத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள். பக்கத்து இலைக்காரர், "ரசம் பிரமாதம், யார் சமையல்?" என்கிறார். அடுத்த மாதம் உங்கள் வீட்டில் விசேஷம். அந்த ஒரு வார்த்தையை நம்பி, சமையல்காரரின் நம்பரை வாங்கிக்கொள்கிறீர்கள்.

ஏன் நம்பினீர்கள்? அவருக்கு ரசத்தைப் புகழ்வதால் ஒரு காசும் வரப்போவதில்லை. உங்களைப் போலவே வந்தார், சாப்பிட்டார், மனதில் பட்டதைச் சொன்னார்.

இப்போது, அந்தப் பக்கத்து இலைக்காரர் சமையல்காரரின் மைத்துனர் என்று பிறகு தெரியவருகிறது. பந்திக்குப் பத்துப் பேரை இப்படி உட்கார வைப்பதே வழக்கம் என்றும் தெரிகிறது. ரசம் நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் உங்களுக்குக் கோபம் வரும். சொன்ன விஷயம் பொய்யாக இல்லாமல் இருக்கலாம். சொன்னவர் யார், எதற்காகச் சொன்னார் என்பதில் உங்களை ஏமாற்றிவிட்டார்கள்.

இணையத்தில் வரும் ரிவியூவும் அந்தப் பந்திப் பேச்சுதான். காசு கொடுத்து வேலை வாங்கிய ஒருவர், தன் அனுபவத்தை, தன் விருப்பப்படி, தன் பெயரில் சொல்வது. இந்த நான்கில் எதை நீங்கள் மாற்றினாலும் அது உங்கள் விளம்பரமாகிவிடும். விளம்பரம் செய்வதில் தப்பில்லை. விளம்பரத்துக்கு வாடிக்கையாளர் வேஷம் போடுவதில்தான் சிக்கல்.

சட்டம் என்ன பார்க்கிறது?

சிங்கப்பூரில் இதற்கு அடிப்படை, பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக)ச் சட்டம். 2003இல் இயற்றப்பட்டு, 2004 மார்ச் மாதம் நடப்புக்கு வந்தது. 2018 ஏப்ரலிலிருந்து இதைக் கவனித்துக்கொள்வது சிங்கப்பூர் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம். இனி 'ஆணையம்' என்றால் இதுதான்.

சட்டத்தின் மையச் சொல் 'நியாயமற்ற செயல்'. வியாபாரி ஒன்றைச் சொல்வதாலோ, செய்வதாலோ, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதாலோ ஒரு பயனீட்டாளர் நியாயமாகவே ஏமாறக்கூடும் என்றால், அது நியாயமற்ற செயல். பொய்யான தகவலைச் சொல்வதும் அதில் அடக்கம்.

இதில் நம் ஆட்கள் கவனிக்காமல் விடும் இடங்கள் சில உண்டு. முதலாவது, 'ஏமாறக்கூடும்' என்ற சொல். யாராவது உண்மையில் ஏமாந்து பணத்தை இழந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. அடுத்தது, 'சொல்லாமல் விடுவது'. வாய் திறந்து பொய் சொன்னால்தான் குற்றம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அப்புறம், ஒரே ஒரு செயல் போதும்; பல தடவை நடந்திருக்க வேண்டியதில்லை. வேலைக்கு முன்பு, நடுவில், முடிந்த பிறகு என்று எந்தக் கட்டத்தில் நடந்தாலும் கணக்கில் வரும்.

சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் குறிப்பிட்ட சில செயல்களின் பட்டியலும் இருக்கிறது. இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாகக் காட்டுவது அதில் ஒன்று. பயனீட்டாளர் சங்கம் நம்பகமான கடைகளுக்குக் கொடுக்கும் 'கேஸ்டிரஸ்ட்' சான்றை வாங்காமலே அந்தச் சின்னத்தை வேன் கதவில் ஒட்டிக்கொள்பவர்கள் இதைப் படித்துக்கொள்ளலாம். பொருளை விற்பதற்காகவே எழுதியதை, நடுநிலையான கட்டுரை போலவோ அறிக்கை போலவோ காட்டி, 'இது விளம்பரம்' என்று சொல்லாமல் விடுவதும் பட்டியலில் உண்டு.

"நான் ரெண்டு பேரை வச்சு வேலை பாக்கறவன், எனக்கெல்லாம் இது வருமா?" என்று கேட்பார்கள். வரும். நிறுவனத்தின் அளவைச் சட்டம் பார்ப்பதில்லை. வீட்டுக்காரருக்காக வேலை செய்து காசு வாங்குகிறீர்களா என்பதுதான் கேள்வி.

இதுவரை பார்த்ததன் சாரம்: ரிவியூ என்பது வாடிக்கையாளரின் சொந்தப் பேச்சு. அதைப் படிக்கிறவர், யார் பேசுகிறார், ஏன் பேசுகிறார் என்பதில் ஏமாறும்படி நீங்கள் எதைச் செய்தாலும் அது நியாயமற்ற செயலாகலாம். ரிவியூ கேட்பதை மட்டும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

சட்டத்துக்கு மேல் இன்னொரு வேலி

கூகல், ஃபேஸ்புக், கரோசல் போன்ற தளங்களுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. சட்டமும் தளத்தின் விதியும் ஒன்றே என்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். சில இடங்களில் தளம் சட்டத்தைவிடக் கறார்.

உதாரணத்துக்கு, ரிவியூ எழுதினால் 50 வெள்ளி பற்றுச்சீட்டு. சட்டத்தின் கேள்வி, படிக்கிறவருக்கு இது தெரிந்ததா என்பது. விளம்பரங்களைக் கண்காணிக்கும் சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையமும் 2016இல் சமூக ஊடக விளம்பரங்களுக்கு வழிகாட்டி வெளியிட்டு, காசோ பொருளோ கைமாறியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது. ஆனால் கூகலைப் பொறுத்தவரை, வெளியே சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கூடாது. ரிவியூ போடவோ, மாற்றவோ, மோசமானதை நீக்கவோ பணம், தள்ளுபடி, இலவசப் பொருள், இலவச வேலை எதையும் கொடுக்கக் கூடாது என்பது அதன் கொள்கை. மீறினால் ரிவியூக்களைத் தூக்கிவிடும். போலி ரிவியூக்கள் நீக்கப்பட்டன என்று உங்கள் பக்கத்திலேயே எச்சரிக்கை போடவும் வாய்ப்புண்டு. அதைவிட ரிவியூவே இல்லாமல் இருப்பது மேல்.

ஆகவே என்னிடம் கேட்பவர்களிடம் நான் சொல்வது: ரிவியூவோடு எந்தச் சலுகையையும் கட்டாதீர்கள். வாடிக்கையாளருக்கு ஏதாவது கொடுக்க ஆசையா? தீபாவளிக்கு முறுக்கு டப்பா கொடுங்கள். எல்லாருக்கும் கொடுங்கள், ரிவியூ பேச்சையே எடுக்காமல் கொடுங்கள்.

எங்கே சறுக்குகிறார்கள்

நூறு போலிக் கணக்குகளை வாங்கிப் போடுபவருக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரியும். நல்ல மனதோடு சறுக்குபவர்கள்தான் அதிகம்.

மிகப் பரவலான சறுக்கல், வாடிக்கையாளருக்காக எழுதுவது. "அவங்களுக்கு வேலை ரொம்பப் பிடிச்சிருச்சு. எழுத நேரமில்லைன்னாங்க. நானே எழுதிப் போட்டுட்டேன்." அவர்களுக்குப் பிடித்தது உண்மைதான். ஆனால் எழுதியது அவர்கள் இல்லை. 2025இல் ஆணையம் நடவடிக்கை எடுத்த ஒரு கார் பராமரிப்பு நிறுவனத்தின் கதை இந்த ரகம்தான். அந்த நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கே தெரியாமல், அவர்கள் எழுதியது போல ஒரு கார் விற்பனைத் தளத்தில் ஐந்து நட்சத்திர ரிவியூக்களைப் போட்டிருந்தது. வாடிக்கையாளர்கள் நிஜமானவர்கள், வேலையும் நடந்திருக்கிறது. ஆனாலும் அது போலி ரிவியூ என்றே முடிவானது. இனி அப்படிச் செய்வதில்லை என்று நிறுவனம் உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது. கார் கழுவுவதற்கும் சமையலறை கேபினெட் போடுவதற்கும் சட்டத்தின் பார்வையில் இந்த விஷயத்தில் வித்தியாசமில்லை.

வரைவை அனுப்பி, "இதை அப்படியே காப்பி பண்ணிப் போடுங்க அக்கா" என்பதும் அதற்கு அடுத்த வீடுதான். வேண்டுமானால், "எந்த அறை, எத்தனை வாரம் ஆனது, எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று எழுதினால் மற்றவர்களுக்கு உதவியாக இருக்கும்" என்று சொல்லலாம். கேள்வியை நீங்கள் கொடுக்கலாம், பதிலை அவர்கள்தான் எழுத வேண்டும்.

அடுத்தது வடிகட்டல். பெயர் பெரிதாக இருந்தாலும் வேலை எளிது. முதலில் தனியாக ஒரு செய்தி அனுப்பி "திருப்தியா?" என்று கேட்பது. "ஆமாம்" என்றவருக்கு மட்டும் கூகல் இணைப்பு. "இல்லை" என்றவருக்கு, "உங்கள் குறையை எங்களுக்கே எழுதுங்கள்" என்று ஒரு படிவம். பந்தியில் குறை சொல்பவர்களை மட்டும் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டு, முன்வாசலில் நிற்பவர்களிடம் மைக் கொடுப்பது போல. சொன்னவர்கள் எல்லாரும் உண்மையே சொன்னார்கள். ஆனால் கேட்கிறவருக்குக் கிடைத்த படம் பொய். இதை ஒரு சாமர்த்தியமான உத்தி என்று விற்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. நல்ல ரிவியூ எழுதக்கூடியவரை மட்டும் பொறுக்கிக் கேட்பதை கூகல் வெளிப்படையாகவே தடுத்திருக்கிறது.

சொந்தக்காரர், வேலையாள் எழுதுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். உங்கள் தம்பி வீட்டுக்கு நிஜமாகவே டைல்ஸ் போட்டிருந்தாலும், அவர் 'தம்பி' என்று சொல்லாமல் எழுதினால் அது மைத்துனர் பந்திக் கதைதான். வேலையாள் தன் முதலாளிக்கு ரிவியூ எழுதுவதை கூகல் ஏற்பதே இல்லை.

பழைய பக்கத்தை வாங்குவது சமீபகாலமாகக் காதில் விழும் விஷயம். ஏர்கான் சர்வீஸ் செய்து 200 ரிவியூ சேர்த்த ஒரு பக்கம் விலைக்கு வருகிறது. வாங்கி, பெயரை மாற்றி, 'வீடு புதுப்பிப்பு' என்று போட்டுவிடுகிறார்கள். 4.8 நட்சத்திரத்தைப் பார்த்து 40,000 வெள்ளி வேலையைக் கொடுக்கப் போகிறவர், கீழே இறங்கி ஒவ்வொன்றாகப் படித்தால்தான் அத்தனையும் ஏர்கானுக்கு வாயு நிரப்பும் 'கேஸ் டாப்-அப்' பற்றியது என்று தெரியும். எத்தனை பேர் படிப்பார்கள்?

கடைசியாக, வெட்டி ஒட்டுவது. வாடிக்கையாளர் எழுதியது: "வேலை சுத்தம். ஆனால் சொன்ன தேதியைவிட மூன்று வாரம் தாமதம்." உங்கள் இணையப் பக்கத்தில் வந்தது: "வேலை சுத்தம்." சொல்லாமல் விடுவதும் ஏமாற்றுவதாகலாம் என்று மேலே பார்த்தோமே, அது இதுதான். பாராட்டு மேற்கோள் போடுவதென்றால் முழுதாகப் போடுங்கள், எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். அடுத்தவர் செய்த வேலையின் 'முன்-பின்' படங்களை எடுத்துப் போடுவதும் இதே கணக்கு.

சாரம்: ரிவியூவில் இருப்பது உண்மையா என்று மட்டும் பார்த்தால் போதாது. எழுதியவர் யார், அவருக்கு ஏதாவது கிடைத்ததா, யாரைக் கேட்டீர்கள், யாரை விட்டீர்கள் என்பதும் சேர்ந்ததுதான் நேர்மை.

மீறினால் என்ன நடக்கும்?

'போலி ரிவியூ போட்டால் உடனே இத்தனை வெள்ளி அபராதம்' என்று ஒரு தொகையைச் சொல்லிப் பயமுறுத்துபவர்களை நம்ப வேண்டாம். இந்தச் சட்டம் அப்படி இயங்குவதில்லை.

வழக்கமான வழி இது. ஏமாந்ததாக நினைக்கும் வீட்டுக்காரர் முதலில் போவது 'கேஸ்' என்று நாம் சொல்லும் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்துக்கு. 1971இல் தொடங்கிய சங்கம். அவர்கள் இரு தரப்புக்கும் நடுவே பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். புதுப்பிப்புத் தொழில், அவர்களுக்கு அதிகப் புகார் வரும் துறைகளில் வழக்கமாக இடம்பிடிக்கும் ஒன்று, எனவே நம் ஆட்களை அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தீராவிட்டால் வீட்டுக்காரர் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே 20,000 வெள்ளி வரை கோரலாம். இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, அவரும் நீங்களுமே நின்று பேச வேண்டும்.

திரும்பத் திரும்பச் செய்பவர்கள்மீது ஆணையம் விசாரணை நடத்தும். நிறுத்துவதாக உறுதிமொழி வாங்கும். அல்லது நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கும். தடையுத்தரவு என்றால், 'இதை இனிச் செய்யக் கூடாது' என்று நீதிமன்றம் போடும் கட்டளை. அதோடு, தன்மீது இப்படியோர் உத்தரவு இருக்கிறது என்று வரும் வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டும், செய்தித்தாளில் அறிவிப்புப் போட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் சேரலாம். கொட்டேஷன் கொடுக்கும்போது இதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிப் பாருங்கள், புரியும்.

உத்தரவை மதிக்காவிட்டால் அது நீதிமன்ற அவமதிப்பு. அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. நக அலங்காரக் கடைகள் நடத்திய ஒருவர் இப்படித் தடையுத்தரவின் நிபந்தனைகளை நிறைவேற்றாததற்காகச் சிறைத் தண்டனையே பெற்றிருக்கிறார். அது ரிவியூ வழக்கு இல்லை, ஆனால் சட்டம் இதேதான்.

சரி, நேர்மையாக எப்படிச் சேர்ப்பது?

முதலில் ஒரு கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சின்னக் குழு ஆண்டுக்கு 15 வீடுகளை முழுதாக முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாரையும் கேட்டு, பாதிப் பேர் எழுதினால் ஏழோ எட்டோ. அதுதான் நிஜம். ஒரு வருடத்தில் 300 ரிவியூ வைத்திருக்கும் சின்னக் காண்ட்ராக்டரைப் பார்த்து நீங்கள் பொறாமைப்பட வேண்டாம். 300 வீடுகளை அவர் எப்படி முடித்தார் என்று யோசியுங்கள். வீட்டுக்காரர்களும் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். எல்லாமே ஐந்து நட்சத்திரம், எல்லாமே இரண்டு வரி, எல்லாமே ஒரே வாரம் என்றால் அவர்களுக்கே சந்தேகம் வருகிறது.

ரிவியூவில் ஜனங்கள் எதைப் பற்றி எழுதுகிறார்கள் என்று உட்கார்ந்து படித்துப் பாருங்கள். டைல்ஸின் தரத்தைவிடப் பழக்கவழக்கத்தைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். போன் எடுத்தாரா? சொன்ன நாளில் வந்தாரா? கூடுதல் வேலைக்குக் கூடுதல் காசு என்று முதலிலேயே சொன்னாரா? இந்தக் கடைசி விஷயத்தில்தான் பெரும்பாலான மனக்கசப்பு. சுவரை உடைத்த பிறகு உள்ளே பழைய குழாய் துருப்பிடித்திருக்கிறது. மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றிவிட்டுக் கடைசி பில்லில் 800 வெள்ளி சேர்த்தால் சண்டை. உடைத்த அன்றே போட்டோ எடுத்து, "இப்படி இருக்கிறது, மாற்ற 800 ஆகும், சரியா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, 'ஓகே' வாங்கிவிட்டுக் கை வைத்தால் அதே 800 வெள்ளி நல்ல ரிவியூவாக மாறும். சொல்லப்போனால் நான் பார்த்த நல்ல ரிவியூக்களில் பல இப்படி ஏதோ பிரச்சினை வந்து, அது ஒழுங்காகத் தீர்ந்த வேலைகளில் பிறந்தவை.

அண்டை வீட்டாரையும் மறக்க வேண்டாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் உடைப்பது, துளைப்பது போன்ற சத்தமான வேலைகளை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் செய்யலாம். சனிக்கிழமை டிரில் போட்டால் எதிர்வீட்டுப் பாட்டி திட்டுவது உங்களை இல்லை, வீட்டுக்காரரை. அவர் ரிவியூவில் அது வரும்.

எப்போது கேட்பது? சாவி கொடுக்கும் அன்று கேட்காதீர்கள். அன்று அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை, கடைசித் தவணைக் காசும் பேச்சில் இருக்கும். காசு விஷயமும் ரிவியூ விஷயமும் ஒரே பேச்சில் வந்தால் அது வற்புறுத்தல் போலத் தெரியும். குடிவந்து, குறைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்து, நீங்கள் போய்க் கதவுக் கீலை இறுக்கி, சிலிக்கான் விட்டுப்போன மூலையைச் சரிசெய்து, ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். அப்போது அந்த வீட்டில் வாழ்ந்து பார்த்த அனுபவம் அவர்களுக்கு இருக்கும்.

எப்படிக் கேட்பது? இப்படி:

"வணக்கம் அக்கா. குளியலறை வேலை முடிந்து இப்போது எல்லாம் சரியாக இருக்கிறதா? நேரம் இருந்தால் எங்களைப் பற்றிக் கூகலில் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நல்லதோ குறையோ, எதுவானாலும் உள்ளபடி எழுதலாம். எழுதாவிட்டாலும் பரவாயில்லை. ஏதாவது பழுது என்றால் எப்போதும் போல இந்த நம்பருக்கே கூப்பிடுங்கள்."

கீழே இணைப்பு. அவ்வளவுதான். சீன, மலாய் வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் அனுப்பினாலும் உள்ளடக்கம் இதுதான். 'ஐந்து நட்சத்திரம் போடுங்கள்' என்ற வார்த்தை இல்லை, பரிசு இல்லை. கடைசி வரியைக் கவனியுங்கள். பழுது பார்ப்பதற்கும் ரிவியூவுக்கும் சம்பந்தமில்லை என்று அது சொல்கிறது. ஒரு தடவை நினைவூட்டலாம். மூன்றாம் தடவை கேட்டால் தொல்லை.

இதே செய்தி எல்லாருக்கும் போக வேண்டும். கேபினெட் நிறத்துக்காக உங்களோடு மூன்று நாள் மல்லுக்கட்டிய அந்த அண்ணனுக்கும் போக வேண்டும். கை நடுங்கும், தெரியும். ஆனால் அவரை விட்டுவிட்டால் அது வடிகட்டல். பல தடவை, சண்டை போட்டவர்கள்தான் நிதானமாக, நாலு நட்சத்திரத்தோடு விவரமாக எழுதுகிறார்கள். அப்படியோர் ரிவியூ இருக்கும் பக்கத்தை நான் வீட்டுக்காரனாக இருந்தால் அதிகம் நம்புவேன்.

துணைக் குத்தகை எடுப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. வீட்டு அலங்கார நிறுவனம் ஒன்று வேலையைப் பிடித்து, டைல்ஸை உங்களிடம் கொடுத்திருக்கிறது. வீட்டுக்காரர் உங்களுக்கு நேரடி வாடிக்கையாளர் இல்லை. அவர் நம்பர் உங்களிடம் இருப்பதும் வேலைக்காகக் கொடுத்தது. அந்த நிறுவனத்திடம் சொல்லிவிட்டு, அவர்கள் சம்மதித்தால் கேளுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதையும் நினைவில் வையுங்கள்: ஒரு காரியத்துக்காக வாங்கிய தகவலை அனுமதியில்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது சிக்கலில் விடும்.

சாரம்: குறை தீர்த்த பிறகு, எல்லாரிடமும், ஒரே வார்த்தையில், எதையும் கொடுக்காமல் கேளுங்கள்.

மோசமான ரிவியூ வந்தால்

இரவு 11 மணிக்கு ஒற்றை நட்சத்திரம் வருகிறது: "டாய்லெட் வேலை முடிஞ்சு ரெண்டு மாசத்துல கீழ் வீட்டுக் கூரையில் தண்ணி ஒழுகுது. போன் பண்ணா எடுக்கறதில்லை." ரத்தம் கொதிக்கும். அப்போதே பதில் எழுதாதீர்கள்.

பதிலை அந்த வாடிக்கையாளருக்காக மட்டும் எழுதவில்லை. அடுத்து வேலை கொடுக்கப் போகிற நூறு பேர் அதைப் படிப்பார்கள். "பாக்கி 1,200 வெள்ளி கொடுக்காத ஆள், புளோக் இத்தனை, யூனிட் இத்தனை" என்று போட்டால் நீங்கள் ஜெயித்ததாக யாரும் நினைக்க மாட்டார்கள், தகவல் பாதுகாப்புச் சட்டத்திலும் போய் நிற்பீர்கள். இப்படி எழுதலாம்:

"கசிவு பற்றித் தெரியப்படுத்தியதற்கு நன்றி. அழைப்பை எடுக்காமல் விட்டதற்கு வருந்துகிறோம். இந்த வாரமே வந்து தண்ணீர் தேக்கிச் சோதனை செய்து, எங்கள் வேலையில் குறை என்றால் செலவில்லாமல் சரிசெய்கிறோம். நாளைக் காலை உங்களை அழைக்கிறோம்."

எழுதிவிட்டு மறுநாள் காலையில் நிஜமாகவே அழையுங்கள். சரிசெய்த பிறகு, "சரியாகிவிட்டது, ரிவியூவில் அதையும் சேர்க்க விரும்பினால் சேர்க்கலாம்" என்று சொல்வதில் தப்பில்லை. "ரிவியூவை எடுத்தால்தான் ஆள் அனுப்புவேன்" என்பது வேறு விஷயம். கசிவைச் சரிசெய்வது உங்கள் கடமை. அதைப் பிணையாக வைத்து ரிவியூவை நீக்கச் சொல்வதை கூகலும் ஏற்காது, நடுவர் மன்றத்தில் அந்த வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கு எதிராகவே பேசும்.

உங்களிடம் வேலையே வாங்காத ஒருவர், போட்டிக்காரர் தூண்டுதலில் எழுதியிருந்தால்? கூகலில் 'புகாரளி' என்ற வழி இருக்கிறது. "பிடிக்கவில்லை" என்பது காரணமாகாது. எந்தக் கொள்கையை மீறுகிறது என்று சொல்ல வேண்டும். முடிவு வரும்வரை கீழே மரியாதையாக ஒரு வரி: "இந்தப் பெயரில் எங்களிடம் வேலைப் பதிவு இல்லை. எந்த வேலை என்று தெரிவித்தால் பார்க்கிறோம்." இன்வாய்ஸ்களைத் தேதிவாரியாக வைத்திருந்தால் இதை எழுத இரண்டு நிமிடம் போதும்.

ஏஜென்சிக்காரர் வந்தால்

"மாசம் 500 வெள்ளி, ரிவியூ எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று ஒருவர் வருவார். அவர் செய்யும் வேலை உங்கள் பெயரில், உங்கள் பக்கத்தில், உங்களுக்காக நடக்கிறது. பிறகு "எனக்குத் தெரியாது, ஏஜென்சி செய்தது" என்று சொல்லித் தப்பிப்பது கடினம். ஆகவே கையெழுத்துக்கு முன்னால் மூன்றைக் கேளுங்கள்: யாரிடமிருந்து ரிவியூ வாங்குவீர்கள், அவர்களுக்கு என்ன அனுப்புவீர்கள், அவர்களுக்கு ஏதாவது கொடுப்பீர்களா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் வாடிக்கையாளர் பட்டியலையே கேட்காமல் மாதத்துக்கு 20 ரிவியூ உறுதி என்றால், அந்த 20 பேர் எங்கிருந்து வருவார்கள் என்று அவரிடமே கேட்டுவிட்டு, ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.